கல்கிக்குப் பிறகு மச்சம்

பக்கவாதம் வந்து பேச்சு போன என் கணவர், ஒரு மாதத்துக்கு மேல் வாய் திறக்காமல் கிடந்துவிட்டு, முதன்முதலாகச் சொன்ன சொல் ‘மச்சம்’.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். செங்கோட்டைக்காரி, சின்ன வயது, பொறுமைசாலி. ஒன்று இரண்டு எண்ண வைத்துப் பார்த்தாள். ஞாயிறு திங்கள் சொல்ல வைத்துப் பார்த்தாள். அவர் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய வாயிலிருந்து காற்றுதான் வரும். ஒருநாள் அவள் என்னிடம் கேட்டாள்.

“ஆன்ட்டி, அங்கிள் தெனமும் வாய்க்குள்ள சொல்லுத மாதிரி ஏதாவது உண்டா? பாட்டு, மந்திரம், எதுன்னாலும் சரி. பழகிப்போன வரிசை மூளையில வேற எடத்துல இருக்கும். சிலபேருக்கு அது மட்டும் தப்பிச்சுக் கெடக்கும்.”

எனக்கு உடனே அவர் சவரம் செய்யும் நேரம்தான் நினைவுக்கு வந்தது. தென்காசி கோர்ட்டில் அவர் சிவில் வக்கீல். கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டே பத்து அவதாரங்களையும் வரிசையாகச் சொல்லுவார். பக்தி என்று சொல்ல முடியாது. கோர்ட்டுக்குப் போகும் முன் நாக்குக்கு எண்ணெய் போடுகிறேன் என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் காலை தொடங்கும்.

நான் அவர் காதருகே குனிந்து “மச்சம்” என்றேன். அவர் கண் என் பக்கம் திரும்பியது. “மச்சம்,” மறுபடியும் சொன்னேன். கோணிப்போன வாய் ஒருபக்கமாக அசைந்தது. “மச்சம்,” என்றார். தெளிவாக, அவருடைய பழைய குரலிலேயே. “கூர்மம். வராகம்.” அதோடு நின்றுவிட்டார். நரசிம்மம் வரவில்லை. ‘ந’ என்று தொடங்கித் தொடங்கி நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பைய வரும் ஆன்ட்டி, விடுங்க,” என்றாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். அவர் பிழைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவருக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பத்துப் பெயர்களை வைத்து ஒரு பழைய வழக்கு உண்டு. நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பரிணாமம் நடத்தும்போது பிள்ளைகளுக்குப் பிடிக்கட்டும் என்று தசாவதாரத்தைச் சொல்லுவேன். முதலில் நீரில் மீன், பிறகு நீரிலும் நிலத்திலும் ஆமை, பிறகு நிலத்தில் பன்றி, பிறகு பாதி மிருகம் பாதி மனிதன், குள்ள மனிதன், கோடரி ஏந்தியவன், வில் ஏந்தியவன், கலப்பை ஏந்தியவன். அறிவியலாக அது முழுக்கச் சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் வகுப்பு கண்ணை அகல விரித்துக் கேட்கும். இதை ஒருநாள் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். இவர் தோசையை விட்டுவிட்டு வாதாட ஆரம்பித்துவிட்டார்.

“நீ அதை ஏணியாக்குதே. மீன் மட்டம், ராமன் ஒசத்தின்னு ஆயிருது. உலகமே தண்ணிக்குள்ள போன அன்னைக்கு ராமன் வந்து என்ன செய்வான்? வில்லைப் பிடிச்சுக்கிட்டு முங்கிச் சாவான். அன்னைக்கு மீனுதான் சாமி. மலை முங்கினப்ப அடியில குடுக்க ஒரு முதுகு வேணும், அம்புட்டுதான் கேட்டாவ. ஆமையாப் போய்க் கெடந்தாரு. பூமி சேத்துக்குள்ள போச்சுன்னா மூஞ்சியால கிண்டத் தெரிஞ்சவன் வரணும். எந்த ஒடம்பு வேணுமோ அந்த ஒடம்பு. வேலை முடிஞ்சா அதை விட்டுட்டுப் போயிருவாரு. ஆமைகிட்ட போயி நீ மீன் மாதிரி நீந்துன்னு யாரும் கேக்கல பாத்துக்க.”

“வரிசை சரியாத்தானே இருக்கு?” என்பேன் நான்.

“வரிசை நம்ம போட்டது,” என்பார்.

எங்கள் மகன் சிறியவனாக இருந்தபோது கல்கி மட்டும் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டதற்கு, “அதுக்கு இன்னும் வாய்தா வாங்கிட்டு இருக்காவடே,” என்று சொல்லிச் சிரித்தவர். சொல் அவருக்குக் கைவசம் அவ்வளவு இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார் என்பார்கள்.

தென்காசிக்கு அழைத்து வந்த பிறகு நரசிம்மமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மற்றவை தாமாக வந்தன. பத்தும் வந்த நாளில் மகனுக்குப் பெங்களூருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அவன் அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, என்ன சாப்ட்டீங்க?” என்றான். இவர், “மச்சம், கூர்மம், வராகம்,” என்று தொடங்கிக் கல்கிவரை போய், நிற்க முடியாமல் மறுபடியும் மச்சத்துக்கு வந்து, இரண்டாவது சுற்றும் போனார். மகனின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். நான் போனைத் திருப்பிக்கொண்டேன்.

அவருக்கு வேறு சொல்லே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தண்ணீர் வேண்டுமானாலும் வராகம். ஒன்றுக்குப் போக வேண்டுமானாலும் வராகம். வலித்தால் கூர்மம், கோபம் வந்தால் பரசுராமன். எந்தச் சொல் வரும் என்பது அவர் கையில் இல்லை. ஒரு மத்தியானம் என்னைப் பார்த்து, “வராகம், வராகம்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொண்டு வந்தேன், வாங்கவில்லை. ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன். பேப்பரைக் கொடுத்தேன். தலையணையை மாற்றினேன். மோர், மாத்திரை, போன், கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் “வராகம்” என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். கடைசியில் டம்ளரை எடுத்து எறிந்தார். அது என் தோளில் பட்டுக் கீழே உருண்டது. அவர் தன் இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். நான் போய் அந்தக் கையைப் பிடிக்க, அவர் உதற, இரண்டு பேரும் கட்டிலில் மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தோம். அவர் என்ன கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செங்கோட்டைப் பெண் லீவு நாட்களில் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பாள். அவள் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஆன்ட்டி, வரிசையாச் சொல்லுததைப் பேச்சுன்னு எடுத்துக்காதீங்க. அது தானா ஓடுது. இனிமே அதை நிறுத்தணும். அவங்க ஆரம்பிச்சா நடுவுல வெட்டிவிடுங்க.”

எங்களிடம் மிஞ்சியிருந்ததே அதுதான். அதையும் வெட்டச் சொல்லுகிறாள். நான் வெட்டினேன். அவர் மச்சம் என்றதும், “தண்ணி, சொல்லுங்க, தண்ணி,” என்பேன். அவர் “கூர்மம்” என்பார். நான் “தண்ணி” என்பேன். வகுப்பில் மக்குப் பிள்ளையிடம் பேசும் குரல் எனக்கு வந்துவிட்டிருந்தது. அவருக்கும் அது கேட்டிருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி நேராகக் குற்றாலம் போய்விடுகிற பழக்கம் அந்த நாட்களில் எனக்கு வந்தது. வீட்டில் பகலுக்கு ஒரு அம்மாவைத் துணைக்கு வைத்திருந்தோம். அவளிடம் சொல்லிவிட்டுக் குற்றாலநாதர் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே முதலில் பெருமாள்தான் நின்றிருந்தார் என்றும், அகத்தியர் வந்து தலையில் கைவைத்து அழுத்தி லிங்கமாக ஆக்கினார் என்றும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அழுத்தத்தில் சுவாமிக்குத் தலைவலி என்றுதான் தைலக் காப்பு. அந்தத் தைலத்தை வாங்கி வந்து இவர் தலையில் தேய்ப்பேன். பலன் உண்டா என்று யாராவது கேட்டால் உயிரியல் ஆசிரியைக்குப் பதில் சொல்லத் தெரியாது. கோயிலில் உட்கார்ந்து நான் வேண்டியதில்லை. சண்டை போட்டேன். நீர் இதுவரை ஒன்பது தரம் உடம்பு மாறினீர், ஒவ்வொரு தரமும் தெரிந்து மாறினீர். இங்கே மட்டும் ஒரு கை வந்து தலையில் அழுத்தியது. அழுத்தியதும் இங்கே நின்றுகொண்டிருந்தவர் எங்கே போனார்? எல்லோரும் லிங்கத்தைக் கும்பிடுகிறார்கள். நின்றவரைப் பற்றி யார் கேட்டார்கள்? இப்படித்தான் மனம் ஓடும். பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவேன்.

ஒருநாள் நான் வகுப்பில் இருந்தபோது அவருடைய ஜூனியர் வக்கீல் போன் செய்தாள். அவருடைய வழக்குகளை அப்போது அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பதறாதீங்க. சார் கோர்ட்டுக்கு வந்திருக்காவ.”

துணைக்கு இருந்த அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றித் தெருமுனைவரை நடந்திருக்கிறார். அங்கே நின்ற ஆட்டோக்காரர் வழக்கமாக ஏற்றிச் செல்பவர்தான். எதுவும் கேட்காமல் கோர்ட்டில் கொண்டு விட்டிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வேப்பமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் ஏறுக்குமாறாக மாட்டியிருந்தன. ஜூனியர் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனாள்.

“நம்ம கேஸைக் கூப்பிட்டாவ. நான் எந்திரிக்கதுக்குள்ள சார் எந்திரிச்சுட்டாவக்கா. ஜட்ஜும் சாரை மதிச்சு, சொல்லட்டும்னு காத்திருந்தாவ. சார் ‘மச்சம்’னாவ. பெறகு நிக்கவே இல்ல. கல்கி வரைக்கும் போயி, மறுபடியும் மச்சம். சாருக்கே தெரியுது, நிறுத்தணும்னு பாக்குதாவ, முடியல.”

“யாரும் சிரிச்சாங்களா?”

“இல்லக்கா. ஒருத்தரும் சிரிக்கல.” அவள் பெஞ்சுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “பின்னால உக்காந்திருந்த ஒரு ஆச்சி, ஏதோ மந்திரம்னு நெனச்சுக் கையெடுத்துக் கும்பிட்டா. அதை சார் பாத்துட்டாவ.”

அன்றோடு அந்தப் பத்துச் சொல்லும் நின்றுபோயின. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். நான் “மச்சம்” என்று காதில் சொன்னால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். சோற்றை ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வார். மாத்திரையைத் துப்பினார். மகன் வந்து நின்று, “அம்மா, ரெண்டு பேரும் பெங்களூர் வந்துருங்க,” என்றான். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்ட பிடியை அவனால் எடுக்க முடியவில்லை. லீவு முடிந்து அவன் போய்விட்டான். மரியாதையாக வந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களும் குறைந்தார்கள். வருகிறவர்கள் என்னிடம் பேசிவிட்டு அவரைப் பார்க்காமல் போனார்கள். வீட்டில் சத்தமே இல்லை. அடுப்படியில் பாத்திரம் விழுந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்தது.

சாரல் தொடங்கியதும் அவரைக் குற்றாலம் அழைத்துப் போனேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வருடம் தவறாமல் சீசனுக்குக் குளிப்பவர். அருவியைப் பார்த்தாலாவது முகம் திரும்பாதா என்று ஓர் ஆசை. கடைவீதியில் இறங்கும்போதே இரைச்சல் வேறு மாதிரி இருந்தது. மலையில் பெரிய மழை பெய்திருக்கிறது. மெயின் அருவியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி வந்து விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை. கயிறு கட்டி, போலீஸ்காரர்கள் விசில் ஊதி ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். தூவானம் முகத்தில் அடித்தது. அவர் என் கையைப் பிடித்திருந்தார். குடையை மடக்க ஒரு நிமிஷம் அந்தக் கையை விட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் கயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார். வலதுகாலை இழுத்து இழுத்து, கைத்தடியைக் கீழே விட்டுவிட்டு, தண்ணீரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். கூப்பிட்டால் அருவிச் சத்தத்தில் கேட்காது. கேட்டாலும் திரும்பமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. நான் குடையோடு அங்கேயே நின்றேன்.

ஒரு பெண் போலீஸ் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். “அண்ணாச்சி, அங்கன போகக்கூடாது, தண்ணி கூடிட்டு,” என்று கத்திக்கொண்டே இழுத்தாள். அவர் திமிறினார். இருவரும் வழுக்கி விழுந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஈரக்கல்லில் உட்கார்ந்து வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். அதில் சொல் எதுவும் இல்லை. வெறும் குரல். அதுவும் அருவி இரைச்சலில் எனக்கே பாதிதான் கேட்டது.

குளிக்கத்தான் போனாரா, வேறு எதற்கும் போனாரா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. இப்போது ஆமாம் இல்லை என்று தலையசைத்துச் சொல்ல அவரால் முடியும். ஆனாலும் கேட்கவில்லை.

அந்தக் கல்லிலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன். சேலையெல்லாம் செம்மண். அதுவரை அவர் முன்னால் அழுததில்லை. அன்று அழுதேன். “போதும்,” என்றேன். “இனி நீங்க பேச வேண்டாம். தண்ணின்னும் சொல்ல வேண்டாம், மச்சம்னும் சொல்ல வேண்டாம். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். நான் உங்களைப் பழையபடி ஆக்கணும்னு படுத்தினது போதும். எனக்கும் முடியல. வீட்டுல சும்மா இருப்போம். சரியா?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டினார். மெதுவாக, ஒரே ஒரு முறை. எத்தனையோ மாதங்களில் நான் கேட்டதற்கு அவர் கொடுத்த முதல் பதில் அது. ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் சாப்பாட்டு வாதம் ஞாபகம் வந்தது. ஆமையிடம் போய் மீன் மாதிரி நீந்து என்று யாரும் கேட்கவில்லை என்று இந்த மனிதர் தோசையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். நான் இத்தனை மாதமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வக்கீலை மீட்கப் பார்த்தேன். அவர் போய்விட்டார். இங்கே இருப்பது வேறு ஒருவர். இவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியாது. இப்படி நினைத்ததில் எனக்கு நிம்மதியெல்லாம் வரவில்லை. ஒருவர் செத்துப்போன துக்கத்தைத்தான் அன்று பட்டேன், அவர் என் தோளில் சாய்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே.

அதற்கு மறுவாரம் செங்கோட்டைப் பெண்ணிடம், சொல் வேண்டாம், சொல் இல்லாமல் என்ன செய்யலாம் என்று கேட்டேன். படங்கள் கொண்டுவந்தாள். டம்ளர், கட்டில், மாத்திரை, கழிப்பறை. அவர் இடது கையால் தொட்டுக் காட்டுவார். தலையசைத்து ஆமாம் இல்லை. சில நாள் ஆமாமுக்கு இல்லை வரும், இல்லைக்கு ஆமாம் வரும். அப்போது முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். சாப்பிட ஆரம்பித்தார். நான் வேலையை விட்டுவிட்டேன். பிறகு அவளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவளைப் போல ஆள் இங்கே கிடைக்கவில்லை. டாக்டரிடம் கேட்டால், இவ்வளவு நாள் கழித்துப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்கிறார்.

சொற்களும் சில வந்திருக்கின்றன, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. ‘போ’ வருகிறது. ‘சீ’ வருகிறது. என்னைச் சில சமயம் ‘சார்’ என்று கூப்பிடுகிறார். நானும் போய் நிற்பேன். பத்துப் பெயர்களை அவர் மறுபடி சொல்லவே இல்லை. மோசமான நாட்கள் இன்னும் உண்டு. முழுப் பகலும் சுவரைப் பார்த்துக் கிடப்பார். அந்த நாட்களில் குற்றாலப் பக்கம் மழை என்று யாராவது சொன்னால் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன்.

போன வாரம் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இவரிடம் வழக்குக் கொடுத்து நடத்திய பழைய கட்சிக்காரர். வெளியூரில் மகளுடன் இருந்துவிட்டுத் திரும்பியதால் என் கணவருக்கு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் சொல்லத் தொடங்கும் முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இவர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். வரப்பைத் தம்பி மகன் தள்ளிப் போட்டுவிட்டான், கேஸும் தோற்றுவிட்டது, அப்பீல் போகலாம் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். பழைய தீர்ப்பு, கிரயப் பத்திரம், யார் யார் சாட்சி, எல்லாம் சொன்னார். நான் உள்ளே காபி போட்டுக்கொண்டே, இவர் இப்போது எறிவாரா, அழுவாரா என்று காதை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். இவர் முன்னால் குனிந்து, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லுங்கண்ணாச்சி. அப்பீல் போனா ஜெயிக்குமா?” என்றார் பெரியவர்.

இவர் நெடுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையசைத்தார்.

“ஜெயிக்காதா?”

இல்லை.

“போகவே வேண்டாங்கீங்களா?”

வேண்டாம் என்று கையையும் சேர்த்து ஆட்டினார். பெரியவருக்கு முகம் கறுத்துவிட்டது. என்ன ஏது என்று ஒரு வார்த்தை விளக்கம்கூடச் சொல்லமாட்டேன் என்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார். நான் கொண்டுவந்து வைத்த காபியைக்கூடத் தொடவில்லை. வாசல்வரை ஓடிப்போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் செருப்பை மாட்டாமல் சற்று நேரம் நின்றுவிட்டு, திரும்பி உள்ளே வரத் துணியாமல், போய்விட்டார்.

நான் உள்ளே வந்தேன். இவர் அந்தக் காபியைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் பிடித்து, சட்டையில் கொஞ்சம் சிந்தி, முழுவதையும் குடித்தார்.